மெல்வினா இழுத்துப்போன வீடு

லியாண்டர் கீப்பிங்கின் கழுத்தில் அறுவை செய்து கட்டியை எடுத்த டாக்டர், மிச்சத்தைக் கதிர் வைத்துக் கருக்க வேண்டும், அதற்கு செயின்ட் ஜான்ஸ்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவன் மனைவி மெல்வினா கேட்டது ஒரே கேள்வி. "எத்தனை நாளைக்கு?" ஆறு வாரம். சனி ஞாயிறு தவிர தினமும். எங்கள் ஊர் போர்ட் ஓ பாஸ்க் இருப்பது தீவின் இந்தக் கோடியில், செயின்ட் ஜான்ஸ் அந்தக் கோடியில். நடுவில் தொள்ளாயிரம் கிலோமீட்டர்.

அங்கே ஆறு வாரத்துக்கு வாடகை அறை கிடைக்கவில்லை. நோயாளிகள் தங்கும் விடுதியிலும் இடமில்லை. ஆனால் அவர்களுடைய டிரெய்லர், வீட்டின் பக்கத்தில் சும்மாதான் நின்றிருந்தது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள இருபத்தைந்து அடி நீள வீடு. ஒவ்வொரு மே மாதமும் லியாண்டர் அதைத் தன் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி, பத்து நிமிஷம் தள்ளியிருக்கும் பழைய ஜல்லிக் குழிக்கு ஊர்ந்து ஊர்ந்து இழுத்துப் போவான். கோடை முடியும்வரை வார இறுதியெல்லாம் எல்லோரும் அங்கேதான். அதற்கு மேல் அந்த டிரெய்லர் எங்கும் போனதில்லை.

இப்போது லியாண்டரால் கழுத்தைத் திருப்ப முடியாது. குரலும் போய், காற்று உரசுகிற மாதிரி ஒரு சத்தம்தான் வரும். அவன் ஓட்ட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது, அவனைத் தவிர.

மெல்வினா ஐம்பத்தாறு வயதுக்காரி. வீட்டின் பக்கவாட்டு அறையில் முடி வெட்டுவாள். எதிர்வீட்டுக்காரியான என் தலையும் இருபது வருஷமாக அவள் கையில்தான். அவள் அதுவரை ஒரு தள்ளுவண்டியைக்கூட காருக்குப் பின்னால் மாட்டி இழுத்தவள் இல்லை. ரெக்ஹவுஸ் பக்கம் காற்றடிக்கும் நாளில் காரையே எடுக்க மாட்டாள்.

ரெக்ஹவுஸ் என்பது ஊரைவிட்டுக் கொஞ்ச தூரத்தில் மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் வெட்டவெளி. தென்கிழக்கிலிருந்து காற்று வந்தால் மலையேறி, இந்தப் பக்கச் சரிவில் உருண்டு வந்து சாலையில் விழும். ரயில் ஓடிய காலத்தில் பெட்டிகளையே தண்டவாளத்திலிருந்து தள்ளிவிட்ட காற்று அது. இன்றைக்கும் பெரிய லாரிகள், அக்கரையிலிருந்து ஏற்றிவந்த கப்பலைவிட்டு இறங்கியதும் வரிசையாக நின்று, காற்று தணியட்டும் என்று காத்திருக்கும். ஊரைவிட்டு வெளியே போக வேறு சாலை கிடையாது.

"நான் ஓட்டறேன்" என்று மெல்வினா சொன்ன மறுநாளே அவள் கடையில் எல்லாருடைய வாயும் திறந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் ஒரு யோசனை சொன்னார்கள்.

"உன் வண்டி ஒன்பதாயிரம் பவுண்டு இழுக்கும்னு விளம்பரத்துலயே போட்டிருக்கான், கண்ணு. அந்த டிரெய்லர் ஆறாயிரம்கூட இருக்காது. கண்ணை மூடிட்டுப் போ."

"கண்ணை மூடிட்டா? ரெக்ஹவுஸ்ல?" என்று அவள் கத்தரியை நிறுத்தினாள்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் தாயே. காதைப் பார்த்து வெட்டு."

யோசனையைவிடப் பெரிதாக ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான் லியாண்டரின் தம்பி செஸ்லி. தன் பழைய ஹிட்ச். வண்டியின் பின்புறத்தில் செருகும் தடித்த இரும்பு, அதன் நுனியில் ஓர் இரும்பு உருண்டை. டிரெய்லரின் மூக்கில் இருக்கும் குழிவு அந்த உருண்டையின் மேல் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். லியாண்டரின் சொந்த ஹிட்ச் துருவேறி, ஜல்லிக் குழிவரை போகத்தான் தாங்கும் என்பதால், செஸ்லி தன்னுடையதைக் கொண்டுவந்து வாசலில் தொப்பென்று போட்டான்.

"முப்பது வருஷமா இழுத்திருக்கேன் இதுல. ஒரு தடவ கழண்டதில்ல. எங்கண்ணனுக்கு என்னால முடிஞ்சது."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அறுவைக்குப் பிறகு அவன் எதற்கெடுத்தாலும் கலங்கினான். மூன்று பேரும் சேர்ந்து அன்று சாயங்காலமே டிரெய்லரை மாட்டிப் பார்த்தார்கள். நான் வேலிப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டிரெய்லர் மூக்கு உருண்டைமேல் இறங்கியது, செஸ்லி தாழ்ப்பாளைத் தட்டிப் பூட்டினான், "போதுமா மகாராணி?" என்றான்.

மூக்கைத் தாங்கி நிற்கும் காலை மேலே சுருட்ட வேண்டியது மெல்வினாவின் வேலை. அவளுக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியவில்லை. தப்பான பக்கம் சுற்றினாள். கால் சுருங்குவதற்குப் பதில் நீண்டது. டிரெய்லரின் மூக்கு மேலே எழும்பியது. வண்டியின் பின்புறமும் கூடவே எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை. பூட்டிய பூட்டு பூட்டியபடியே இருக்க, மூக்கு மட்டும் உருண்டையிலிருந்து நழுவி அந்தரத்தில் நின்றது.

செஸ்லி குனிந்து பார்த்தான். உருண்டை சின்னது. டிரெய்லரின் குழிவு அதைவிட ஒரு நூல் பெரியது. செஸ்லியின் டிரெய்லர் சின்ன வகை, அதற்கு இது சரி. இதற்குச் சரியில்லை. பார்வைக்குப் பூட்டிய மாதிரி இருக்கும், முதல் பள்ளத்தில் கழன்று போகும்.

"நீ தப்பாச் சுத்தினே, அதான்" என்றான் செஸ்லி.

"தப்பாச் சுத்தினதுக்குக் கும்புடு போடு. சரியாச் சுத்தியிருந்தா உங்கண்ணன் சாலைல கெடந்திருப்பான்."

"உருண்டையை மட்டும் மாத்திக்கலாமே, மெல். ஹிட்ச் நல்லாத்தானே இருக்கு?"

"வேணாம் செஸ்லி. எனக்கு இது வேணாம்."

லியாண்டர் மெல்வினாவின் கையைப் பிடித்து இழுத்து, காற்றுக் குரலில் சொன்னான். "பாசமா கொடுத்ததை மூஞ்சில அடிக்கிற மாதிரி வேணாங்கறியே. அவன் என் தம்பி."

"நீ என் புருஷன்" என்றாள் அவள். செஸ்லி தன் இரும்பைத் தூக்கிக்கொண்டு போனவன் பக்கத்துத் தெரு முழுக்க, "அண்ணிக்கு நம்ம சாமானெல்லாம் ஆகாது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மறுநாள் அவள் என்னையும் ஏற்றிக்கொண்டு ரோடாவின் பட்டறைக்குப் போனாள். நெடுஞ்சாலை ஏறும் இடத்தில் இருக்கிறது அது. கப்பலில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களின் டிரெய்லரைப் பழுது பார்ப்பதுதான் ரோடாவின் பிழைப்பு. எங்கள் ஊர் ஆண்கள் அங்கே போனால் கௌரவக் குறைச்சல்.

ரோடா ஹிட்சைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பிக்கப்பின் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருந்த சின்ன மஞ்சள் சீட்டைக் காட்டினாள்.

"இதைப் படி கண்ணு. ஆளு, சாமான் எல்லாம் சேத்து இந்த வண்டி முதுகுல எவ்வளவு ஏத்தலாம்னு போட்டிருக்கான்."

"ஆயிரத்து முந்நூத்தம்பது பவுண்டு. ஆனா ஒன்பதாயிரம் இழுக்கும்னாங்களே?"

"இழுக்கறது வேற, சுமக்கறது வேற. டிரெய்லரோட மூக்கு உன் வண்டி முதுகுல உக்காருது இல்ல? சாமானோட உன்னுது ஆறாயிரத்தைந்நூறு வரும்னு வை. அதுல நூத்துக்குப் பன்னெண்டு, பதிமூணு பங்கு மூக்குல இறங்கணும். எண்ணூறுக்கு மேல போச்சா? ஹிட்சே ஒரு நூறு. நீ, உன் புருஷன். மிச்சம் என்ன இருக்கு? ஒரு நாய்க்குட்டியை ஏத்தலாம். அதுவும் பசியோட இருக்கற நாய்க்குட்டியா இருக்கணும்."

மெல்வினா சிரிக்கவில்லை. "வண்டி முதுகுல ஜெனரேட்டர் வைக்கணும்னு செஸ்லி சொன்னான். விறகு, கருவிப் பெட்டி..."

"எறக்கு."

"மூக்குல பாரம் கம்மியா இருந்தா நல்லதுதானே? அப்ப சாமானை டிரெய்லர் பின்பக்கமா தள்ளிட்டா?"

ரோடா அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "அதை மட்டும் செஞ்சிடாதே. மூக்கு லேசானா வால் ஆடும். வால் ஆட ஆரம்பிச்சா டிரெய்லர்தான் உன்னை ஓட்டும், நீ அதை ஓட்ட மாட்டே. கனமானதெல்லாம் அச்சுக்கு முன்னால, தரையோட தரையா."

பிறகுதான் ஹிட்சுகள் வந்தன. இரண்டை எடுத்துக் கீழே வைத்தாள். இரண்டிலும் உருண்டைக்கு இருபுறமும் நீளமான ஸ்பிரிங் கம்பிகள். டிரெய்லர் மூக்கு வண்டியின் பிட்டத்தை அமுக்கினால் வண்டியின் முன்புறம் தூக்கிக்கொள்ளும், ஸ்டீயரிங் காற்றில் மிதக்கும். அந்தக் கம்பிகளை இறுக்கி மாட்டினால் பாரத்தில் ஒரு பங்கு முன்சக்கரத்துக்கே திரும்பிப் போகும். இதுவரை இரண்டும் ஒன்றுதான். விலை குறைந்ததில் வாலாட்டத்தை அடக்கத் தனியாக ஒரு தேய்ப்புக் கம்பி இருந்தது. மற்றதில் ஸ்பிரிங் கம்பிகளே அழுத்திப் பிடித்து வாலை ஆடவிடாது.

"முதல் வகைல என்ன குறை?" என்று மெல்வினா கேட்டாள்.

"ரிவர்ஸ் எடுக்கறப்போ தேய்ப்புக் கம்பியைக் கழட்டணும். மழைல நனைஞ்சா பிடிப்பு கம்மி."

"மழையும் ரிவர்சும் இல்லாத ஊரா இது? ரெண்டாவதைக் கொடு."

ரோடா முதல் தடவையாகச் சிரித்தாள்.

மறுநாள் ரோடா தன் வண்டியில் மாட்டி டிரெய்லரையே பட்டறைக்குக் கொண்டுவந்து பொருத்தினாள். உருண்டை சரியான அளவு. கீழே குறுக்காகப் போகும் சங்கிலிகள். எல்லாம் விட்டுப்போனால் டிரெய்லர் தன் பிரேக்கைத் தானே போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய கம்பிவடம். அதைச் சங்கிலியில் மாட்டாமல் வண்டியின் சட்டத்தில் தனியாக மாட்டச் சொன்னாள். பக்கக் கண்ணாடிகளை நீளக் கைகொண்ட கண்ணாடிகளாக மாற்றினாள். ஸ்டீயரிங்குக்குக் கீழே சின்னப் பெட்டி ஒன்றைப் பொருத்தினாள். காலால் பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோமோ அதே அளவுக்கு டிரெய்லர் சக்கரத்தையும் பிடிக்கும் பெட்டி. அதில் ஒரு சின்ன நெம்புகோல்.

முன்சக்கரத்து வளைவின் உயரத்தை டிரெய்லர் மாட்டுவதற்கு முன்னும், மாட்டிய பின்னும், கம்பிகளை இறுக்கிய பின்னும் அளந்தாள். திருப்தி இல்லாமல், கம்பிகளை மாட்டும் சங்கிலியில் ஒரு கண்ணி மாற்றி மறுபடி இறுக்கினாள். கடைசியில் மெல்வினாவை உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, நெம்புகோலைக் கை தேடிக் கண்டுபிடிக்கும்வரை பழக்கினாள்.

"வால் ஆடுச்சுன்னா என்ன செய்வே?"

"பிரேக்கை மிதிப்பேன்."

"செத்தே. மறுபடி சொல்லு."

"ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுப்பேன். பிரேக்கைத் தொட மாட்டேன். ஸ்டீயரிங்கை நேரா பிடிப்பேன், ஒடிக்க மாட்டேன். இந்த நெம்புகோலை மட்டும் நெருக்குவேன்."

"எத்தனை பேர் கூச்சல் போட்டாலும்?"

"எத்தனை பேர் கூச்சல் போட்டாலும்."

திங்கட்கிழமை காலை முதல் கதிர். வெள்ளிக்கிழமை காலை கிளம்புவதாக ஏற்பாடு. வியாழக்கிழமையே தென்கிழக்குக் காற்று ஆரம்பித்துவிட்டது. வெள்ளிக்கிழமை விடிந்தபோது கப்பல் துறையில் லாரிகள் வரிசையாக நின்றன. மெல்வினா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு இல்ல" என்றாள்.

லியாண்டருக்கு முகம் கறுத்துவிட்டது. "திங்கக்கிழமை அவங்க எனக்காகக் காத்திட்டிருக்க மாட்டாங்க."

"நாளைக்குச் சாயந்தரம் குறையும்னு சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை முழுக்க ஓட்டறேன்."

"நான் ஓட்டியிருந்தா இந்நேரம் டியர் லேக் ஊரையே தாண்டியிருப்போம்."

"நீ ஓட்டலையே."

சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் வாயைவிட்டுப் போனது போனதுதான். லியாண்டர் எழுந்து வெளியே போனான். அவள் பக்கவாட்டு அறைக்குப் போய், ஆறு வாரம் முடி வெட்ட ஆளில்லையே என்று வந்து குவிந்தவர்களுக்கெல்லாம் அன்று பகல் பூராவும் வெட்டினாள். டிரெய்லரில் சாமான் ஏற்றும் வேலையை லியாண்டரும், கோபம் தணிந்து வந்த செஸ்லியும் பார்த்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் லாரிகள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தன. மெல்வினா என் வாசலுக்கு வந்தாள்.

"இடெல்லா, ரெக்ஹவுஸ் தாண்டறவரைக்கும் உன் காருல என் பின்னாலயே வர்றியா? டிரெய்லர் எப்படிப் போகுதுன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

காட்டில் மூஸ் மான் வேட்டைக்கு வைத்திருக்கும் வாக்கிடாக்கியில் ஒன்றை என்னிடம் கொடுத்தாள். மற்றது லியாண்டரின் மடியில்.

கிளம்பினோம். ஜூன் மாதம் என்றாலும் மலைமேல் இன்னும் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. அவள் நிதானமாகப் போனாள், எழுபதைத் தாண்டவில்லை. எனக்கு முன்னால் அந்தப் பெரிய வெள்ளைச் சுவர் சாலையின் நடுவில் ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்தது. ஆனால் பார்க்கப் பார்க்க ஏதோ உறுத்தியது. டிரெய்லரின் பின்பக்கம் தாழ்ந்திருந்தது. பட்டறையில் பார்த்தபோது மேஜைபோல மட்டமாக நின்றது. இப்போது வாலை ஊன்றி உட்கார்ந்த நாய் மாதிரி இருந்தது.

"மெல், பின்பக்கம் கொஞ்சம் எறங்கின மாதிரி தெரியுது."

பதிலுக்கு வந்தது லியாண்டரின் காற்றுக் குரல். "ஒண்ணுமில்ல. வா."

வெட்டவெளி தொடங்கியது. இடப்பக்கம் கடல் வெளுத்துக் கிடந்தது. வலப்பக்கம் மலை. புல்லெல்லாம் தரையோடு படுத்திருந்தது. காற்று தணிந்துவிட்டது என்றால், அது எங்கள் ஊர்க் கணக்கில் தணிந்தது. முதல் மோதல் என் காரையே ஒரு தள்ளு தள்ளியது. முன்னால் டிரெய்லர் கடல் பக்கம் ஒதுங்கி மறுபடி நேரானது. சரி, ஹிட்ச் பிடிக்கிறது என்று மூச்சு விட்டேன்.

இரண்டாவது மோதல் மலைச்சரிவின் ஒரு வாய்க்கால் வழியாக வந்திருக்க வேண்டும். டிரெய்லரின் வால் இடப்பக்கம் போனது. திரும்பி வரும்போது நடுவில் நிற்கவில்லை, நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போனது. மறுபடி இடம். மறுபடி வலம், முன்னைவிட அகலமாக. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பிக்கப்பின் பிட்டமும் கூடவே இழுபட்டது. எதிர்த் திசையில் ஒரு பெரிய லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

நான் பொத்தானை அமுக்கி, "வாலாட்டுது மெல்! வாலாட்டுது!" என்று கத்தினேன். அவளுக்குத் தெரியாததா? வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை. பின்னால் அவள் சொன்னாள், என் கூச்சலும் கேட்டது, லியாண்டர் குரலே இல்லாத தொண்டையால் "பிரேக், பிரேக்" என்றதும் கேட்டது, அவள் காலும் தானாகவே பிரேக்குக்குப் போனது. போன காலை அவள் இழுத்துக்கொண்டாள். இடக்கை ஸ்டீயரிங்கை இரும்பு மாதிரி நேராகப் பிடித்தது. வலக்கை கீழே போய் நெம்புகோலைத் தேடியது. முதல் தடவை கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை கிடைத்தது.

டிரெய்லரின் பிரேக் விளக்கு எரிந்தது. ஒரு பெரிய கை பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி வால் நடுங்கி, ஒரு சின்ன ஆட்டம் ஆடி, நேரானது. லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே எங்களைக் கடந்தது. அதன் காற்று வேறு ஒரு அறை கொடுத்தது. டிரெய்லர் அசைந்து அடங்கியது.

கொஞ்ச தூரத்தில் சாலையோரம் அகலமான ஜல்லித் திட்டு இருந்தது. அங்கே ஒதுக்கி, டிரெய்லரின் மூக்கு காற்றைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினாள். நான் இறங்கி ஓடினேன். அவள் கதவைத் திறந்து இறங்கி, இரண்டடி நடந்து, குனிந்து வாந்தியெடுத்தாள். நிமிர்ந்து சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, நேராக டிரெய்லரின் பின்பக்கம் போய் அங்கிருந்த சாமான் அறையைத் திறந்தாள்.

உள்ளே செஸ்லியின் ஜெனரேட்டர். அதற்குப் பக்கத்தில் கண்ணாடி பாட்டில்களில் அடைத்த மூஸ் இறைச்சி, பெட்டி பெட்டியாக. உப்புக்கண்ட வாளி. குனிந்து கீழே தட்டினாள். அச்சுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டி நிரம்பித் தளும்பும் சத்தம் கேட்டது. காலியாக வரவேண்டிய தொட்டி அது.

லியாண்டர் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். காற்றில் அவன் கழுத்துக் கட்டு படபடத்தது.

"யாரு?" என்றாள் அவள்.

"நான்தான். செஸ்லி தூக்கிக் கொடுத்தான். வைக்கச் சொன்னது நான்."

"ரோடா சொன்னது உனக்குத் தெரியும்ல? உன்கிட்ட எத்தனை தடவ சொன்னேன்? இப்ப அந்த லாரிக்கு அடில போயிருப்போம் லியாண்டர்! கதிர் எதுக்கு, வைத்தியம் எதுக்கு? இங்கயே முடிஞ்சிருக்கும்!"

அவன் பேச முயன்றான். காற்று அவன் குரலை அடித்துக்கொண்டு போனது. அவள் கிட்டே போய்க் காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. திட்டிக்கொண்டிருந்தவள் அப்படிக் காதைக் கொடுத்து நின்றதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. நான் கொஞ்சம் தள்ளிப் போனேன். ஆனாலும் கேட்டது.

"வாயெல்லாம் புண்ணாயிடும்னு சொன்னாங்க. டவுன் தண்ணில மருந்து வாடை அடிக்கும். நம்ம ஊத்துத் தண்ணின்னா எறங்கும்னு நெனச்சேன். இறைச்சி உனக்கு. நான் சாப்பிட மாட்டேன், நீ பட்டினி கெடப்பே." நிறுத்தி மூச்சு வாங்கினான். "எல்லாத்தையும் நீயே செஞ்சே மெல். நான் ஒரு மூட்டை மாதிரி ஏறி உக்காந்து வரணுமா?"

அவள் அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "ஜெனரேட்டர் இடெல்லா காருக்கு" என்றாள். "தண்ணியைத் திறந்து விடு."

குழாயை அவன்தான் திறந்தான். ஊற்றிலிருந்து குடம் குடமாகப் பிடித்து நிரப்பிய தண்ணீர் ஜல்லியில் கொட்டி, காற்றில் தூவானமாகப் பறந்தது. அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பாதி போனதும் மெல்வினா திடீரென்று உள்ளே ஓடி, கையில் அகப்பட்ட கெண்டி, சூப்புப் பாத்திரம், இரண்டு பிளாஸ்டிக் கேன் எல்லாவற்றையும் கொண்டுவந்து குழாயடியில் பிடித்தாள். நிரம்பிய கேன்களை முன்பக்கம் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

ஜெனரேட்டரை நானும் அவளும் பிடித்து என் காரின் பின்னால் ஏற்றினோம். இடுப்பு முறிந்துவிட்டது. மூஸ் பெட்டிகளில் பாதி என் காருக்கு, மீதி டிரெய்லரின் முன்பக்கத் தரைக்கு. உப்புக்கண்ட வாளியை நான் எடுக்கப் போனேன். லியாண்டர் என் கையைத் தட்டிவிட்டுத் தானே தூக்கினான். தையல் பிரிந்துவிடுமோ என்று எனக்குப் பயம். மெல்வினாவைப் பார்த்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், தடுக்கவில்லை. அவன் இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்து, நின்று நின்று, முன்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான்.

அவள் ஹிட்சைச் சுற்றி வந்து கம்பி, சங்கிலி, வடம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். தூரத்தில் போய் நின்று டிரெய்லரின் மட்டத்தைப் பார்த்தாள். "இப்ப எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

"மட்டமா இருக்கு."

"இங்கயே நின்னுடலாமா இன்னிக்கு?" என்று லியாண்டர் கேட்டான். முதல் தடவையாக அவன் அவளிடம் கேட்டான், சொல்லவில்லை.

"காத்து திசை மாறி பக்கவாட்டுல அடிச்சா நின்ன இடத்துலயே கவுத்துடும். போலாம். நீ மட்டும் பிரேக் பிரேக்னு கத்தாதே."

"என்னால எங்க கத்த முடியுது" என்றான். அவள் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

மிச்ச வெட்டவெளியை ஐம்பதில் கடந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனேன். மோதல்கள் வந்தன. ஒவ்வொரு தடவையும் டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்து, நடுவுக்கு வந்து, அங்கேயே நின்றது. வால் கொண்டாட்டம் போடவில்லை. மலை விலகி, கோட்ரோய் பள்ளத்தாக்கின் மரங்கள் வந்து காற்றை மறைத்ததும் அவள் பெட்ரோல் நிலையத்தில் ஒதுக்கினாள். டின்பால் ஊற்றிய தேநீர் மூன்று வாங்கி வந்தேன். அவள் கோப்பையோடு போய் ஹிட்சின் கம்பிகளை மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நீ திரும்பிப் போ இடெல்லா. இனிமே மரம்தான்."

நான் திரும்பினேன். அன்றிரவு அவர்கள் வழியில் தங்கி, ஞாயிறு முழுக்க ஓட்டி, இருட்டுவதற்குள் செயின்ட் ஜான்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே டிரெய்லர்கள் நிறுத்தும் பூங்காவில் அதை ரிவர்சில் விடத்தான் அதிக நேரம் ஆனதாம். பக்கத்து டிரெய்லர்க்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். "டிக்கெட் போட்டிருந்தா ஹிட்ச் காசு வந்திருக்கும்" என்றாள் போனில்.

ஆறு வாரமும் சுலபமாக இல்லை. மூன்றாவது வாரத்திலிருந்து அவனுக்கு எச்சில் விழுங்குவதே நரகமாக இருந்தது. கேன் தண்ணீர் தீர்ந்துபோனது. ஜெனரேட்டரை எடுத்துப் போக என் வீட்டுக்கு வந்த செஸ்லியிடம் ரெக்ஹவுஸில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் உட்காராமல் நின்றே கேட்டான். "நான்தான் தூக்கி வெச்சேன்" என்று மட்டும் சொன்னான். அடுத்த வாரம் அவன் காரின் பின்சீட்டு முழுக்க ஊற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு தொள்ளாயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் போனான். மெல்வினா கதவைத் திறந்து, அவனைப் பார்த்து, கேன்களைப் பார்த்து, "பின்பக்கமா ஏத்திட்டு வந்தே?" என்றாளாம். அவன் அங்கேயே மூன்று நாள் தரையில் படுத்திருந்துவிட்டு வந்தான்.

ஆகஸ்டில் அவர்கள் திரும்பினார்கள். அந்த வருஷக் கடைசியில் எடுத்த ஸ்கேன் படத்தில் கட்டி எதுவும் தெரியவில்லை. அது நான்கு வருஷத்துக்கு முன்னால். இன்னும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை படம் எடுக்கிறார்கள். எடுக்கும் வாரம் மெல்வினாவின் கத்தரி கொஞ்சம் கூடவே வெட்டிவிடும். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

மே மாதம் ஜல்லிக் குழிக்கு டிரெய்லரை இழுத்துப் போவது இப்போது அவள் வேலை. லியாண்டருக்குக் குரல் முழுதாகத் திரும்பவில்லை. கத்த முடியாது என்பதால் அவன் பின்னால் போய் நின்று, கப்பலுக்கு வழி காட்டுகிறவன் மாதிரி இரண்டு கையையும் பெரிதாக வீசி, இடம், வலம் என்று ரிவர்சுக்குச் சைகை காட்டுவான். அவள் கண்ணாடியில் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, தனக்குச் சரியென்று தோன்றிய பக்கம் திருப்புவாள்.